வைக்கோலை யார் முதலில் தின்பது?

கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்களில் வைக்கோலுக்குப் பஞ்சமிருக்காது. கொஞ்சம் படப்பாகும், மிச்சம் லாரியேறி மேற்கே மாட்டுத் தொழுவங்களுக்குப் போகும். அதில் ஒரு கட்டை எடுத்து நன்றாக நனைத்து, ஒரு மூலையில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். இரண்டாம் நாள் உள்ளே கைவிட்டால் சூடு தெரியும். அப்புறம் புளித்த வாடை. ஒரு வாரத்துக்குள் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்துவிடும். தலை கறுத்து மையாக ஒழுகும் குடைக்காளான் நாலைந்து எட்டிப்பார்த்தாலும் ஆச்சரியமில்லை. இவற்றில் எதையும் யாரும் விதைக்கவில்லை. எல்லாம் வயலிலேயே வைக்கோலில் ஒட்டிக்கொண்டு வந்தவை. தண்ணீர் படட்டும் என்று இருந்தன.

வீட்டில் சிப்பிக்காளான் போட ஆசைப்படுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கூட்டத்தைத்தான். காளானுக்கு நாம் எதையும் ஊட்ட வேண்டாம். வைக்கோலைத் தின்ன அதற்கு நன்றாகவே தெரியும். அதற்கு முன்னால் வேறு யாரும் பந்தியில் உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதும், அதுவும் முதல் சில நாட்களுக்குத்தான். வைக்கோலை வேகவைப்பது, காளான் வித்தை அடுக்கடுக்காகத் தூவுவது, பையில் சின்னதாக இரண்டே துளை போடுவது என்று பயிற்சி வகுப்பில் சொல்லித்தரும் அத்தனையும் அந்தச் சில நாள் முந்துதலுக்காகச் செய்யப்படுபவை. இது விளங்கிவிட்டால் செய்முறையை மனப்பாடம் செய்யவேண்டிய அவசியமே இல்லை.

காளான் செடியில்லை. பச்சையம் கிடையாது, வெயிலில் சமைத்துத் தின்னத் தெரியாது. 1969இல் விட்டேக்கர் என்ற அமெரிக்க அறிஞர் உயிர்களை ஐந்து பேரரசுகளாகப் பிரித்தபோது பூஞ்சைகளுக்குத் தனி இடம் கொடுத்தார். பின்னால் வந்த மரபணு ஆய்வுகள் இன்னொரு படி போய், பூஞ்சைகள் செடிகளைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்று காட்டின. குளச்சலில் கரையேறும் இறாலின் ஓட்டில் உள்ள கைட்டின்தான் காளானின் செல் சுவரிலும் இருக்கிறது.

நாம் பறித்துக் கறிவைப்பது அந்த உயிரின் ஒரு பகுதி மட்டும். விதைத்தூள் பரப்புவதற்காக அது வெளியே அனுப்பும் உறுப்பு. உயிர் வாழ்வதெல்லாம் வைக்கோலுக்குள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓடும் வெள்ளை இழைகளாக. அந்த இழைகளுக்கு வாயும் வயிறும் இல்லாததால் செரிமானம் உடம்புக்கு வெளியே நடக்கிறது. இழையின் நுனி நொதிகளைக் கசியவிடும். அவை வைக்கோலைக் கரைக்கும். கரைந்ததை இழை உறிஞ்சும். வைக்கோலில் செல்லுலோஸ் இருக்கிறது, அதைக் கட்டிப்பிடித்தபடி லிக்னின் இருக்கிறது. மரத்துக்கும் தாளுக்கும் விறைப்பைத் தருவது லிக்னின்தான். பெரும்பாலான பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதைத் தொடுவதில்லை, சர்க்கரையும் மாவும் கிடைக்கும் இடமாகப் பார்த்துப் போய்விடும். லாக்கேஸ், பெராக்சிடேஸ் போன்ற நொதிகளால் லிக்னினை உடைத்துத் திறக்கும் சிறு கூட்டத்தில் சிப்பிக்காளானும் ஒன்று. காட்டில் பட்டுப்போன மரம்தான் இதன் வீடு.

அந்த வீட்டில் ஒரு குறை உண்டு. மரக்கட்டையில் நைட்ரஜன் மிகக் குறைவு, வைக்கோலிலும் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ தேறாது. நைட்ரஜன் இல்லாமல் புரதம் ஏது? இதற்குச் சிப்பிக்காளான் கண்டுபிடித்திருக்கும் வழி கொஞ்சம் கொடூரமானது. 1984இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தார்ன், பாரன் இருவரும் இது நூற்புழுக்களைப் பிடித்துத் தின்பதை விவரித்தார்கள். இழைகளின் மேல் நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன. புழு உரசியதும் அவை உடையும். புழு சில நிமிடங்களில் செயலற்றுப்போகும். இழைகள் அதன் உடம்புக்குள் புகுந்துவிடும். அந்தக் குமிழ்களில் இருப்பது 3-ஆக்டனோன் என்ற ஆவியாகும் பொருள் என்று 2023இல் தைவான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சைவச் சாப்பாட்டில் கறிக்கு மாற்றாக வரும் காளானே புலால் உண்ணி என்பதை விருந்துக்கு வந்தவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

மனிதர் இதை வளர்க்கத் தொடங்கி நெடுங்காலம் ஆகவில்லை. முதல் உலகப்போர்ப் பஞ்சத்தில், 1917இல், ஜெர்மனியில் ஃபால்க் என்பவர் மரக்கட்டைகளில் வளர்த்துக் காட்டினார். நம் பக்கத்தில் 1940களின் தொடக்கத்தில் கோவை வேளாண் கல்லூரியில் வைக்கோல் காளானை முயன்றார்கள். அது வேறு இனம். வைக்கோலில் சிப்பிக்காளான் என்ற இன்றைய வழிக்கு இந்தியாவில் தொடக்கம் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். 1962இல் பானோ, ஸ்ரீவாஸ்தவா ஆகியோர் அங்கே அதைச் செய்தார்கள்.

இனி வைக்கோலுக்கு வருவோம். நாஞ்சில் நாட்டில் இரண்டு பூ, அதாவது இரண்டு நெல் போகம். கன்னிப்பூ அறுவடை மழை மிரட்டும் காலத்தில் வருகிறது. கும்பப்பூவுக்கு வானம் திறந்திருக்கும். கன்னிப்பூ வைக்கோல் களத்திலேயே ஒரு மழை வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நனைந்து காய்ந்த வைக்கோலில் எதிரிகள் ஏற்கெனவே ஒரு சுற்றுத் தின்று, விதைத்தூளையும் கொட்டி முடித்திருப்பார்கள். அதை எவ்வளவு வேகவைத்தாலும் அரைகுறைதான். ஆகவே கும்பப்பூ வைக்கோலை வாங்கி மழை படாத இடத்தில் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான மஞ்சள், கையில் எடுத்தால் வெயில் வாசனை: இது போதும். சாம்பல் நிறமும் தூசியும் இருந்தால் மாட்டுக்குக்கூட யோசித்துத்தான் போட வேண்டும்.

வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, சாக்கில் கட்டி, நாலைந்து மணி நேரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். அந்த நிறத்தோடு வெளியேறுவதில் வைக்கோலின் கரையும் சர்க்கரையும் உண்டு. அவசரக்காரப் பூசணங்களுக்கு வேண்டியது அந்தச் சர்க்கரைதான். அது போய்விட்டால் மீதமிருப்பது செல்லுலோஸும் லிக்னினும், அதாவது நம் ஆளுக்கு எளிதில் பல் இறங்கும் உணவு. சத்து வீணாகிறதே என்று அந்தத் தண்ணீரிலேயே வேகவைக்காதீர்கள். தென்னைமூட்டில் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் வையுங்கள்.

அண்டாவில் வைக்கோல் மூழ்கத் தண்ணீர் விட்டு, கொதிவந்த பிறகு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் அடுப்பில் இருக்க வேண்டும். இதில் எல்லாம் செத்துவிடுவதில்லை. தடித்த ஓட்டுக்குள் உறங்கும் சில பாக்டீரியாக்கள் தப்பிக்கும். தப்பிக்கட்டும். வித்து தயாரிக்கும் ஆய்வகத்துக்குத்தான் முழுச் சுத்தம் வேண்டும். வீட்டில் பையில் போடும் காளான் படுக்கைக்குப் பூசணக் கூட்டத்தின் தொகை சரிந்தாலே நம் காளான் முந்திவிடும்.

வேகவைப்பதற்குப் பதிலாக கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் ஃபார்மலினும் கலந்த தண்ணீரில் வைக்கோலை ஒரு இரவு ஊறவைக்கும் முறையும் உண்டு. இமாச்சலத்தின் சோலன் காளான் ஆராய்ச்சி மையத்தில் 1980களில் உருவாகி, பெரிய பண்ணைகளில் விறகுச் செலவைக் குறைத்த முறை இது. அளவு தவறாமல் செய்தால் வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் பத்துப் படுக்கைக்குக் குறைவாகப் போடுகிற வீட்டில், குழந்தைகள் நடமாடும் புறவாசலில், ஃபார்மலின் கேனுக்கு என்ன வேலை? விறகும் ஓலைமட்டையும் கிடைக்கிற ஊரில் அடுப்பை மூட்டுவதே என் கட்சி.

வெந்த வைக்கோலைச் சுத்தமான தார்ப்பாயில் விரித்து நிழலில் ஆறவிட வேண்டும். எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதில்தான் புதியவர்களுக்குக் குழப்பம். புத்தகம் 65 சதவீதம் என்று சொல்லும். கையோ வேறு மொழியில் சொல்லும்: ஒரு பிடி அள்ளி இறுகப் பிழியுங்கள். தண்ணீர் தாரையாக ஒழுகினால் இன்னும் ஆறட்டும். விரலிடுக்கில் ஓரிரு துளி மட்டும் அரும்பி நின்று, கையை விரித்ததும் உள்ளங்கை ஈரமாக இருந்தால் சரி. ஈரம் மிஞ்சினால் பையின் அடியில் தண்ணீர் தேங்கும், காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம், பூஞ்சை இழைக்கு மூச்சுமுட்டல். முதல் முறை கெட்டுப்போகும் படுக்கைகளில் அடிப்பாகம் அழுகி நாறுவது இதனால்தான்.

வித்து என்று புட்டியில் விற்பது உண்மையில் விதை கிடையாது. அரைவேக்காட்டுச் சோளத்தில் சுண்ணாம்புத்தூள் கலந்து, அழுத்தக் கலத்தில் கிருமி நீக்கி, அதன்மேல் வளர்த்த பூஞ்சை இழை. ஒவ்வொரு சோளமணியும் வெள்ளைப் பஞ்சு சுற்றி இருக்க வேண்டும். பச்சைப் புள்ளியோ கறுப்போ மஞ்சள் நீரோ தெரிந்தால், விற்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் வாங்காதீர்கள். தமிழகத்துக்கு கோ 1 என்ற வெள்ளைச் சிப்பியும் எம் 2 என்ற சாம்பல் சிப்பியும் நெடுநாளாகப் பரிந்துரையில் உள்ளவை.

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பாலித்தீன் பை எடுத்து அடியைக் கட்டுங்கள். நடுவில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இரண்டு துளை. ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு வைக்கோல், அதன்மேல் ஓரங்களில் ஒரு கைப்பிடி வித்து, மறுபடி வைக்கோல், மறுபடி வித்து என்று ஐந்து அடுக்கு வைக்கோல். ஒரு புட்டி இரண்டு படுக்கைக்கு வரும். அடுக்காகப் போடுவதற்குக் காரணம் உண்டு. எல்லா வித்தையும் மேலே கொட்டினால் இழை அடிவரை இறங்கப் பல நாள் ஆகும், அதற்குள் அடியில் வேறொருவர் குடியேறிவிடுவார். பல இடங்களில் இருந்து ஒரே நேரத்தில் புறப்பட்டால் நடுவில் விரைவாகச் சந்தித்துக்கொள்ளும். ஒவ்வொரு அடுக்கையும் கையால் அழுத்துவதும் அதற்காகத்தான். பெரிய இடைவெளியை இழை எளிதில் தாண்டாது, தொட்டுத் தொட்டுப் போவதுதான் அதற்கு வசதி.

கட்டிய பைகளை இருட்டு அறையில் 15 முதல் 20 நாள் வையுங்கள். வெப்பம் 25 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. இந்த நாட்களில் தண்ணீர் வேண்டாம், திறந்து பார்க்கவும் வேண்டாம். வெள்ளை படர்ந்து பை முழுவதும் பாலாடை போர்த்தியதும் பிளேடால் பையைக் கிழித்து எடுத்துவிட்டு, படுக்கையை உறி கட்டித் தொங்கவிடலாம்.

இப்போது காளானின் தேவை தலைகீழாக மாறுகிறது. அதுவரை இருட்டு கேட்டது, இனி பேப்பர் படிக்கிற அளவு வெளிச்சம் வேண்டும். வைக்கோலுக்குள் கரியமில வாயு நிறைந்திருந்தும் தாங்கியது, இனிப் புதுக்காற்று வேண்டும். காற்றில் ஈரம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. மரத்துக்குள் வாழும் உயிர், மரத்தின் வெளித்தோலை எட்டிவிட்டதை வெளிச்சத்தாலும் காற்றாலும்தான் அறிகிறது. அங்கேதான் குடை விரித்து விதைத்தூளைப் பறக்கவிட முடியும். காற்றோட்டம் இல்லாத அறையில் தண்டு நீண்டு, குடை பொத்தான் அளவில் நின்றுவிடும். இன்னும் வெளியே வரவில்லை என்று எண்ணி எட்டி எட்டிப் பார்க்கும் காளான் அது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த அறுப்பு சரியாகிவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் ஒரு வினோதம் இந்தக் கட்டத்தில் வேலை காட்டும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர்த் தோட்ட நிழலில் ஓட்டு வீட்டுச் சாய்ப்பில் தொங்கவிட்டால் பாதி வேலையைக் காற்றின் ஈரமே பார்த்துக்கொள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் கதை வேறு. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே ஆனி, ஆடிக் காற்று, மொட்டு விட்ட படுக்கையை ஒரு பிற்பகலில் காயவைத்துவிடும். மொட்டுகள் பழுத்து மஞ்சளாகி நின்றுவிடும். மழை எவ்வளவு பெய்கிறது என்பதைவிடக் காற்று எப்படி வீசுகிறது என்பதே காளானுக்குக் கணக்கு. கிழக்கே உள்ளவர்கள் காற்று வரும் பக்கத்தில் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, தரையில் மணல் பரப்பி நனைத்து வையுங்கள். தண்ணீரைக் கைத்தெளிப்பானால் பனிபோலத் தெளிக்க வேண்டும். வாளியில் மோந்து ஊற்றினால் மொட்டு அழுகும்.

பையைக் கிழித்த மூன்றே நாளில் குண்டூசித் தலைபோல மொட்டு வரும். அடுத்த மூன்று நாளில் பறிப்பு. அன்றைக்குப் பறித்துவிட்டுத்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும். குடையின் ஓரம் இன்னும் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே கொத்தாகப் பிடித்துத் திருகி எடுங்கள். ஓரம் மேலே விரிந்துவிட்டால் விதைத்தூள் கொட்டத் தொடங்கும். அந்த வெண்தூளை மூடிய அறையில் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு இருமலும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வரும். காளான் பண்ணைத் தொழிலாளரிடம் மருத்துவர்கள் பதிவுசெய்த நுரையீரல் ஒவ்வாமை இது. ஆஸ்துமா உள்ளவர்கள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில் காளான் பைகளை வைக்கவே வேண்டாம். மற்றவர்களும் முகக்கவசத்தோடு பறிக்கலாம். முதல் அறுப்புக்குப் பிறகு மேற்பரப்பை லேசாகச் சுரண்டிவிட்டுத் தண்ணீர் தெளித்தால் இரண்டாவதும் மூன்றாவதும் வரும். ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு மொத்தம் முக்கால் கிலோ கிடைத்தால் நல்ல விளைச்சல். அரைக் கிலோ கிடைத்தாலும் முதல் முறைக்கு மோசமில்லை.

பச்சைப் பூசணம் பற்றி ஒரு சொல். படுக்கையில் அடர்பச்சையாகப் பரவுவது பெரும்பாலும் டிரைக்கோடெர்மா. மற்றப் பூஞ்சைகளைச் சுற்றி வளைத்துத் தின்பதே இதன் பிழைப்பு. அந்தக் குணத்துக்காகவே இதைத் தூளாக்கி, மிளகுக்கும் வாழைக்கும் வாடல் நோய் வராமல் இருக்கப் போடுகிறோம். இந்த மாவட்டத்தில் மிளகுக்கொடியும் வாழையும் இல்லாத தோட்டம் அபூர்வம். காலையில் வாழைமூட்டில் டிரைக்கோடெர்மா போட்டுவிட்டு அதே கையோடு, அதே வேட்டியோடு காளான் அறைக்குள் நுழைந்தால் எதிரியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்ததாகிவிடும். தூள் வைக்கும் இடம் வேறு, காளான் இடம் வேறாக இருக்கட்டும். பச்சை கண்ட பையை அறைக்குள் கிழிக்காமல் வெளியே தூரக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள்.

வெயில் 33, 34 டிகிரியைத் தொடும் சித்திரையில் சிப்பி சுணங்கும். அப்போது பால்காளானுக்கு மாறிவிடலாம். 1974இல் வங்காளத்தில் புர்காயஸ்தாவும் சந்திராவும் விவரித்த இந்த இனத்தை வளர்ப்புக்குக் கொண்டுவந்ததில் தமிழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 என்ற ரகத்தின் பெயரில் உள்ள மூன்றெழுத்தும் அருப்புக்கோட்டையைக் குறிப்பவை. கரிசலின் சூட்டைத் தாங்கும் காளானுக்கு நம் சித்திரை பெரிதில்லை. படுக்கை போடுவது ஏறக்குறைய இதே முறையில்தான். இழை படர்ந்தபின் பையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஆவியில் வேகவைத்து ஆறிய மண்ணை இரண்டு சென்டிமீட்டர் போர்த்த வேண்டும், அது ஒன்றுதான் கூடுதல் வேலை. பால்காளான் வாடாமல் சில நாள் தாங்கும். சிப்பிக்கு அந்தப் பொறுமை கிடையாது, பறித்த மறுநாளே வதங்கும்.

மழை தொடங்கும்போது புற்றுமண்ணில் முளைக்கும் கூண் என்ற காளானைச் சிறுவயதில் ருசித்தவர்கள், அதை வீட்டில் வளர்க்க முடியாதா என்று கேட்பார்கள். முடியாது. அது கரையான் தன் புற்றுக்குள் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளாக வளர்த்துவரும் பயிர். அந்த விவசாயியைத் தவிர வேறு யாருக்கும் இன்றுவரை அது ஒழுங்காக விளைந்து கொடுத்ததில்லை. கண்டதையெல்லாம் பறித்துவந்து வெள்ளிக்காசும் மஞ்சளும் போட்டுச் சோதிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். நச்சுக்காளானை அந்தச் சோதனை எதுவும் காட்டிக்கொடுக்காது.

பறித்த சிப்பியைச் சமைக்குமுன் குடையின் அடிப்பக்கம் மேலே பார்க்கும்படி அரைமணி நேரம் உச்சிவெயிலில் வையுங்கள். அதிலுள்ள எர்கோஸ்டெரால் புற ஊதாக்கதிர் பட்டு வைட்டமின் டி2 ஆக மாறும். பிறகு தீயல். தேங்காயையும் மல்லியையும் வற்றலையும் கருக வறுத்து அரைத்து, புளி கொதித்து, சின்ன உள்ளி வெந்த பிறகே காளானைப் போடுங்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். முன்கூட்டிப் போட்டால் தீயல் குழம்பாகிவிடும்.

வேலை முடிந்த படுக்கையை வாழைமூட்டில் போட்டால் சீக்கிரம் மக்கும், லிக்னின் பாதி உடைந்த வைக்கோல் அல்லவா.

காளான் போட்டு மாதம் லட்சம் சம்பாதிக்கலாம் என்ற விளம்பரங்களை ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள். திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பயிற்சி எப்போது, நல்ல வித்து எங்கே என்று அங்கே விசாரிக்கலாம். முதல் தடவை ஒரு புட்டி வித்து, இரண்டு படுக்கை, அதற்குமேல் வேண்டாம். குடில் கட்டுவதைப் பற்றி மூன்று சுற்று அறுத்து, அக்கம்பக்கத்தில் யார் வாங்குவார்கள் என்று தெரிந்த பிறகு யோசித்தால் போதும்.